பங்குனிக் கவாத்து

“நீங்களுமா மேடம்?”

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நூல் ஒன்றை வாங்கிப்போக வந்த என் ஆய்வு மாணவி, நான் மாடியில் இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு நேரே மேலே ஏறி வந்துவிட்டாள். என் கையில் கத்தரி. எதிரே செங்கல் அடுக்கிப் பலகை போட்ட மேடையில் ஏழு மண்தட்டுகள், ஏழு மரங்கள். எதுவும் முழங்காலைத் தாண்டாத உயரம். தரையில் அப்போதுதான் வெட்டிப்போட்ட ஆலங்கிளைகள் கிடந்தன. வெட்டுவாயில் பால் கோத்து நின்றது.

அவள் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. முந்தைய வாரம்தான் துறையில் அவள் ஒரு கட்டுரை வாசித்திருந்தாள். அதில் அமெரிக்கக் கவிஞர் மார்ஜ் பியர்சியின் போன்சாய்க் கவிதை வந்தது. மலையில் ஓங்கி வளர்ந்திருக்க வேண்டிய ஒரு மரத்தைத் தோட்டக்காரன் ஒருவன் பாசத்தோடு நறுக்கி நறுக்கிச் சின்னதாகவே வைத்திருப்பதைச் சொல்லி, அங்கிருந்து சீனப் பெண்களின் கட்டிய பாதங்களுக்குப் போகும் கவிதை. பெண்ணியம் படிக்கும் யாரும் ஒருமுறையாவது கடந்து வந்திருப்பார்கள். அந்தக் கவிதையை அவளுக்குக் கொடுத்ததே நான்தான்.

“இது மரம்தானேம்மா” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. அன்றைக்கு ஆறு மரங்களை வெட்டி முடித்திருந்தேன். ஏழாவது, அரச மரம். அதன்மேல் கத்தரி வைக்கக் கை வரவில்லை.

அந்த அரசு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் குடியிருப்பது காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், வாடகைக்கு. முகப்பும் வளவும் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக இருக்கிறார்கள். ஆளுக்கொரு புள்ளி உரிமை இருப்பதால் யாரும் தனியாகக் காசு போட்டு மராமத்து பார்ப்பதில்லை. இப்படி விட்ட வீடுகளில் மேலே என்ன நடக்கும் என்பது செட்டிநாட்டுக்காரர்களுக்குத் தெரியும். காக்கையும் குக்குறுவானும் பழம் தின்றுவிட்டு எச்சமிடும். சுண்ணாம்புக் காரையின் விரிசலில் ஆலும் அரசும் முளைக்கும். பர்மா தேக்கையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சையும் பற்றிப் பெருமை பேசுகிற வீட்டை, கடுகைவிடச் சிறிய ஒரு விதை இருபது வருடத்தில் பிளந்துவிடும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஒரு முழ உயரத்தில் இந்த அரசு நின்றது. வீட்டுக்காரர் போனில் சொன்னார்: “ஆசிட் ஊத்திக் கொன்னுடுங்க. இல்லேன்னா தண்டுல ஓட்டை போட்டுப் பெருங்காயத்தை வைங்க, தன்னால பட்டுப்போகும்.” நான் கொல்லவில்லை. காரையைப் பெயர்த்து, ஆணிவேரை அறுத்து, மிஞ்சியதைத் தட்டில் வைத்தேன்.

ஆக, என் மரம் மலைச்சரிவிலிருந்து திருடப்பட்டதல்ல. அதற்கு மலையே கிடைத்திருக்காது. சாவுக்கும் தட்டுக்கும் இடையில் தட்டு கிடைத்தது. இந்தக் கதையைப் பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். ‘காப்பாற்றினேன், அதனால் வெட்டுகிறேன்’ என்ற வாக்கியத்தில் அந்த ‘அதனால்’ எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு வரை கேட்டுக்கொண்டதில்லை.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தெரியாதவர்கள் இது மரத்தைப் பட்டினி போடுவது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பட்டினி கிடக்கும் மரத்தை வெட்டினால் செத்துப்போகும். நல்ல தெம்பாக இருக்கும் மரத்தைத்தான் வெட்ட முடியும். போன்சாய்ப் புத்தகங்கள் எல்லாம் வசந்தத்தில் கவாத்து செய்யச் சொல்லும். அது பனி உருகும் நாட்டுக் கணக்கு. நம் இலக்கண நூல்கள் இளவேனிலைச் சித்திரை, வைகாசியில் வைத்திருக்கின்றன. காரைக்குடியில் அதற்குள் வெயில் தளத்தில் கால் வைக்க விடாது. இங்கே மரம் சொல்வதுதான் கணக்கு. மாசிக் கடைசியில் அரசு இலை உதிர்க்கும். பங்குனியில் செம்பு நிறத்தில் துளிர் வரும். அந்த இடைவெளியில், மொட்டு ஊசிமுனையாக இருக்கும்போது வெட்ட வேண்டும். மரம் குளிர்காலமெல்லாம் சேர்த்து வைத்ததைச் செலவு செய்யக் காத்திருக்கும் நேரம் அது. கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டணும். பால் வடிந்தால் ஈரத்துணியால் ஒற்றணும். அதன்பிறகு வரும் துளிர்களை ஆறேழு இலை வரை ஓடவிட்டு, இரண்டு மூன்று இலைக்குக் குறைக்கணும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தட்டிலிருந்து எடுத்து, சுருண்டு கிடக்கும் வேரைக் கம்பால் கோதி, தடித்த வேர்களில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடணும். சல்லிவேர் மிஞ்சினால் போதும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் நிழல்வலைக்கு அடியில் இருக்கும்.

‘கவாத்து’ என்ற சொல்லை எனக்குச் சொன்னவர் நர்சரி வைத்திருக்கும் ஒருவர். தமிழில் அதற்குப் படைப்பயிற்சி என்றும் பொருள் உண்டு. மைதானத்தில் சிப்பாய்களை வரிசையாக நிறுத்திக் கையைக் காலை வீசச் சொல்வதும், கிளையை நறுக்குவதும் ஒரே சொல். பழைய தமிழில் இன்னொரு சொல் இருக்கிறது, ‘முறி’. தளிர் என்றும் பொருள், முறிப்பது என்றும் பொருள். முப்பது வருடமாகத் தமிழ் படிக்கிறேன். பங்குனி மாதம் மாடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்த இரண்டு சொற்களும் என்னை உறுத்துகின்றன.

கவாத்துக்கு ஆதரவாக ஒரு தாவரவியல் வாதம் உண்டு. மரத்தின் உச்சிக் கொழுந்து கீழே ஒரு வேதிப்பொருளை அனுப்பிக்கொண்டே இருக்கும். பெயர் ஆக்சின். அது பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கும். இதை நுனி ஆதிக்கம் என்பார்கள். உச்சியைக் கிள்ளிவிட்டால் அந்தத் தடை போய், தூங்கிக் கிடந்த மொட்டுகள் எல்லாம் விழிக்கும். மரம் அடர்ந்து, அகன்று, அழகாகும். ஆகவே வெட்டு என்பது தடுப்பதல்ல, திறந்துவிடுவது என்று சொல்லலாம். அறிவியல்படி இதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்த வாதம் என் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1998-இல் நான் பிளஸ் டூ முடித்தபோது மதுரையில் ஒரு கல்லூரியில், விடுதியோடு, இயற்பியல் படிக்க இடம் கிடைத்தது. அம்மா வேண்டாம் என்றாள். அப்பா யோசித்துக்கொண்டிருந்தார், அம்மாதான் வேண்டாம் என்றாள். அப்பத்தா அதை ஆமோதித்தாள். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் தமிழில்தான் இடம் இருந்தது. சேர்ந்தேன். படித்தேன். முனைவர் பட்டம் வாங்கினேன். மூன்று கவிதைத் தொகுப்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு தொகுப்பு வெளியீட்டிலும் சொந்தக்காரர் யாராவது சொல்வார்: “பாத்தியா, அன்னைக்கு உங்கம்மா தடுத்தது நல்லதாப் போச்சு.”

உச்சியைக் கிள்ளினார்கள், பக்கத்தில் துளிர்த்தது. அந்தப் பக்கத் துளிர்தான் இப்போது நான். எனக்கு அதன்மேல் ஆசை இருக்கிறது. தமிழ் இல்லாத என்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அதனாலேயே அந்த வெட்டைக் குறை சொல்ல வாய் வராமல் இருபது வருடம் போய்விட்டது. பக்கக் கிளையின் பூவைக் காட்டி உச்சியை வெட்டியதை நியாயப்படுத்த முடியுமா? முடியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். வெட்டியவர்கள் இந்தப் பூவுக்காக வெட்டவில்லை. வெட்டும்போது அப்படியொரு பூ வரும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. துளிர்த்தது என் வேலை. அதற்கான பாராட்டு கத்தரிக்குப் போவது எந்த ஊர் நியாயம்? தவிர, துளிர்க்காமல் பட்டுப்போன பெண்களின் வீட்டில் புத்தக வெளியீடு நடப்பதில்லை; அங்கே வந்து யாரும் எதையும் சொல்வதில்லை.

பியர்சியின் கவிதையில் எனக்கு இடிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே தோட்டக்காரன் ஆண். என்னை வெட்டியவர்கள் எல்லோரும் பெண்கள். இந்த ஊரின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். கொண்டுவிக்கப் போகிறேன் என்று ஆண்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் மூன்று மூன்று வருடக் கணக்கில் போய்விட்ட காலத்தில் இந்த இரண்டாம் கட்டுகளை நடத்தியது யார்? சாமான் கணக்கு, சீர்க் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, பெண்களின் நடை உடை எல்லாம் ஆச்சிமார் கையில். ஆளுமை மிக்க பெண்கள் என்று அவர்களைப் பற்றி நாம் எழுதுகிறோம், சரிதான். அந்த ஆளுமை அடுத்த தலைமுறைப் பெண்ணின்மேல் எந்த வடிவத்தில் இறங்கியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எங்கள் வீடு அவ்வளவு பெரிய வீடு இல்லை. பழக்கம் மட்டும் அதேதான். கட்டளை யாருடையதாக இருந்தாலும் கத்தரி பெண்கள் கையில் இருந்தது. அதைப் பிடித்தவர்கள் நம்மை நேசித்தவர்கள். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினெட்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்த அதே அம்மாதான் மதுரை வேண்டாம் என்றவள்.

“வெட்டியவள் நேசிக்கவில்லை” என்று சொல்லிவிட்டால் விஷயம் எளிதாக முடிந்துவிடும். அது பொய். அதனால் நேசம் இருந்ததா இல்லையா என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை.

சாரா ரட்டிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1989-இல் தாய்மைச் சிந்தனை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குழந்தை தாயிடம் மூன்றை எதிர்பார்க்கிறது என்பார்: உயிரோடு காப்பது, வளர்ப்பது, ஊர் ஏற்றுக்கொள்ளும்படி ஆக்குவது. முதல் இரண்டும் குழந்தையின் தேவை. மூன்றாவதைக் கேட்பது ஊர். பிறர் பார்வைக்குப் பயந்து தாய் தன் சொந்தக் கணிப்பையே கைவிட்டுவிடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்று அவர் எழுதுகிறார். போன வருடம் அம்மாவிடம் கேட்டேன்: “அன்னைக்கு ஏம்மா வேணாம்னே?” அவளுக்கு எழுபத்து மூன்று வயது. வெற்றிலையை நரம்பு கிழித்துக்கொண்டே சொன்னாள்: “பயந்தான். ஊரு என்ன சொல்லும், உங்கப்பத்தா என்ன சொல்வாக. வேறென்ன?” ரட்டிக்கைப் படிக்காமலே சொல்லிவிட்டாள். கொஞ்சம் பொறுத்து, “நானே எட்டாவதுக்கு மேல போகல” என்றாள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறோம். போன்சாய்க்காரர்களிடம் கேட்டால் வளையும் என்பார்கள். அலுமினியக் கம்பியோ செம்புக் கம்பியோ சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வளைத்தால் முதிர்ந்த கிளைகூட இணங்கும். ஆனால் கம்பியை எடுக்கும் நாள் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் கிளை வேகமாகப் பருக்கும். வாரத்துக்கு ஒருமுறை பார்க்காமல் விட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்து சுருள் சுருளாகத் தழும்பு விழும். என் இச்சி மரத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போன வருடம் மறந்துவிட்டேன். எட்டு வருடமாகியும் மறையவில்லை. கட்டுவதற்கு நாள் பார்க்கிறவர்கள் அவிழ்ப்பதற்கும் நாள் குறித்து வைக்கணும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். பெண்பிள்ளைகளுக்கு நாம் போட்ட கம்பிகளில் எதற்கும் அவிழ்க்கும் தேதி கிடையாது. ‘கல்யாணத்துக்கு அப்புறம் உன் இஷ்டம்’ என்பார்கள். அது கம்பி மாற்றும் தேதி.

இன்னொன்று. வெட்டுவது வருடத்துக்கு ஒரு நாள் வேலை. தண்ணீர் ஊற்றுவது தினசரி வேலை. மண்தட்டு இந்த வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காலை ஒருதரம், மாலை ஒருதரம், அக்கினி நட்சத்திரத்தில் தட்டைச் சுற்றி ஈரச்சாக்கு. எங்கள் வீட்டில் அதைச் செய்வது நானில்லை. பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. நான் கல்லூரியில் இருக்கும்போது, ஊருக்குப் போகும்போது எல்லாம் அவர்தான் மாடிப்படி ஏறுகிறவர். வெட்டிய மறுநாள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொரு வருடமும் கேட்பார்: “என்ன டீச்சர், மறுபடியும் மொட்டையடிச்சுட்டீகளா?” ஒருமுறை கூடவே சொன்னார்: “ஊத்துறது நானு, வெட்டுறது நீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?”

நான் சிரித்து மழுப்பினேன். அப்புறம் இரவெல்லாம் அது ஓடிக்கொண்டிருந்தது. வாஷிங்டனில் அமெரிக்க அரசின் தாவரப் பூங்காவில் ஒரு வெள்ளைப் பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் தட்டில் வளர்வதாகக் கணக்கு. ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பத்தின் தோட்டத்தில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். தோட்டத்துச் சுவர் காப்பாற்றியது. 1976-இல் அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அது குண்டிலிருந்து தப்பிய மரம் என்ற விவரம், 2001-இல் அந்தக் குடும்பத்துப் பேரன்கள் நேரில் வந்து சொன்ன பிறகுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. இந்தக் கதையை எங்கே படித்தாலும் மரத்தை வடித்தவர், கொடுத்தவர், பெற்றவர் பெயர்கள் இருக்கும். நானூறு வருடத்தில் கோடையில் இரண்டு நாள் தொடர்ந்து தண்ணீர் இல்லாமல் போயிருந்தால் அந்த மரம் இல்லை. அந்தத் தண்ணீரை ஊற்றிய கைகளுக்குப் பெயர் கிடையாது. அவற்றில் எத்தனை பெண்களின் கைகளாக இருந்திருக்கும்!

நற்றிணையில் 172-ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் நெகிழ்ந்துபோவார்கள். சிறுமிகள் விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்துவிட, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்கள் சகோதரி, உங்களைவிட உயர்ந்தது என்று தாய் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. இயற்கையோடு உறவு கொண்டாடிய தமிழர் என்று நானும் பல வருடம் பாடம் சொன்னேன். இப்போது படித்தால் வேறொன்றும் தெரிகிறது. பாலூற்றி வளர்த்த மரம்கூட, தாயின் ஒரு சொல்லால், பெண்ணைக் கண்காணிக்கும் இன்னொரு ஆளாகி நிற்கிறது. கவிதை அழகுதான், சந்தேகமில்லை. சகோதரியின் கண்ணுக்கு முன்னால் சிரிக்க ஏன் கூச வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கத் தோன்றுகிறது.

கேட்பதற்கு எனக்கென்ன தகுதி என்பது வேறு. பங்குனியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு பெரியவர், வேலைக்குப் போகும் மருமகள்களைப் பற்றி ஏதோ சொன்னார். என் மகள், பதினாறு வயது, இலையிலிருந்து நிமிர்ந்து நாலு பேருக்குக் கேட்கும்படி பதில் சொன்னாள். சொன்னது முழுக்க நியாயம். நான் அவள் முழங்கையைப் பிடித்து, “குரலைக் குறைச்சுப் பேசு” என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என்னம்மா, பங்குனிக் கவாத்தா?”

பந்தியில் யாருக்கும் புரியவில்லை. எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

மரத்துக்கும் மகளுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் உறைத்தது. மரத்தால் கத்தரியைத் தட்டிவிட முடியாது. வேண்டாம் என்று சொல்ல அதற்கு இருக்கும் ஒரே வழி பட்டுப்போவது. அதனால் மரத்தை வெட்டுகிறவள் எப்போதும் ஊகத்தில் வெட்டுகிறாள், அந்த ஊகத்துக்கு அவள்தான் பொறுப்பு. வாயுள்ள ஒருத்தியிடம் கேட்காமல் ஊகத்தில் வெட்டினால், வெட்டுவதற்கு முன்பே அவளை மரமாக்கிவிட்டோம். எங்கம்மா என்னிடம் கேட்கவில்லை. அவளிடம் யாரும் கேட்டதில்லை. நான் என் மகளிடமும் கேட்கவில்லை, அக்காவிடமும் கேட்கவில்லை. படித்த புத்தகங்கள் எல்லாம் அலமாரியில்தான் இருக்கின்றன.

அன்று சாயங்காலம் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி விடு” என்றாள். விட்டுவிட்டாளா என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற ஆறு மரங்களை நான் விடப்போவதில்லை. அடுத்த பங்குனியிலும் வெட்டுவேன். எனக்கு அது பிடிக்கும். கிளையைப் பார்த்து, சுற்றி வந்து, திரும்பப் பார்த்து ஒரு வெட்டுக்கு அரைமணி நேரம் யோசிக்கும் அந்தக் காலை நேரம் வேறெதிலும் எனக்குக் கிடைப்பதில்லை. அந்த ஆறில் ஒன்று காரை. இந்த ஊருக்கே அதிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள். ஊருக்கு வெளியே செம்மண் பொட்டலில் ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகி, அடிமரம் மட்டும் பருத்து நின்ற செடி அது. என்னைவிடத் திறமையான கவாத்துக்காரி அந்த ஆடு. அது அன்பு என்று எதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இந்த வருடம் காகிதப்பூவின் உச்சிக்கிளையை எடுப்பதா வேண்டாமா என்று அக்காவிடம் கேட்டேன். “அது கெடக்கட்டும் டீச்சர், அதுலதான் எப்பவும் மொதப்பூ வரும்” என்றார். தினமும் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். விட்டேன். போன வாரம் பூத்தது. வெட்ட வெட்ட இலை சிறுத்துவிடும், பூ சிறுக்காது. தட்டில் வைத்தாலும் காகிதப்பூ காகிதப்பூ அளவில்தான் பூக்கிறது. தட்டில் மாதுளை வளர்ப்பவர்கள் பழம் பிடித்ததும் கிளை தாங்காது என்று கிள்ளி எறிவார்கள்.

அரசை என்ன செய்வது என்றும் அவரிடமே கேட்டேன். ஊருணிக் கரையில் வைத்துவிடலாம் என்று எனக்கு எண்ணம். தட்டில் இத்தனை வருடம் இருந்த மரமும் தரையில் இறங்கினால் ஓங்கிவிடும். அரசு வளர அங்கே இடம் இருக்கிறது, பிளக்க வீடு இல்லை. சித்திரையிலேயே வைத்துவிட அவசரப்பட்டேன்.

“இந்த வெயில்லயா? கொன்னுருவீக” என்றார் அக்கா. “ஐப்பசில மழை விழுந்ததும் வைங்க. முள்ளு வெட்டி நாலாப்பக்கமும் கட்டணும், இல்லேன்னா ஆடு விடாது. நான் போற வழிதான், ரெண்டு கொடம் ஊத்திட்டுப் போறேன்.”

“கொஞ்ச நாளைக்கு நான் ஊத்துறேங்க்கா.”

“நீங்க ஊத்துவீகளா!” என்று சிரித்தார்.

இந்த வருடம் வெட்டாததால் அரசு ஒன்றரை அடி ஓடிவிட்டது. ஒழுங்கு கெட்டு, ஒரு பக்கம் சாய்ந்து, பன்னிரண்டு வருடமாக நான் வடித்த வடிவம் காணாமல் போய்விட்டது. புது இலைகள் என் உள்ளங்கை அகலம் இருக்கின்றன. காற்றில்லாத மதியத்திலும் ஆடுகின்றன. ஐப்பசிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. காலைத் தண்ணீர் இப்போது என் முறை. மாலைக்கு அக்கா வருகிறார்.